பூவா, தலையா?

1807 வாக்கில் சென்னைத் தங்கசாலையில் அச்சான கால் வராகன் வெள்ளி நாணயத்தின் படத்தை முதன்முதலில் பார்த்தபோது அது ஏதோ கோயில் டாலர் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஒரு பக்கம் கோபுரம், அதைச் சுற்றி நட்சத்திரங்கள். விளிம்பில் ஆங்கிலத்திலும் பாரசீகத்திலும் மதிப்பு. திருப்பினால் தாமரையிலிருந்து எழும் விஷ்ணு. அவரைச் சுற்றித் தமிழிலும் தெலுங்கிலும் அதே மதிப்பு. அச்சிட்டது கிழக்கிந்தியக் கும்பினி. அப்போது லண்டனில் அரியணையில் இருந்தவர் மூன்றாம் ஜார்ஜ். இந்த நாணயத்தில் அவருக்கு இடமில்லை.

இன்னொரு விசேஷமும் உண்டு. இந்த வராகனுக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் ‘ஸ்டார் பகோடா’, நட்சத்திர வராகன். நாணயத்தில் இருக்கும் தமிழ் எழுத்தோ ‘பூவராகன்’ என்கிறது. பாரசீகமும் பூ என்றே சொல்கிறது: ‘ஹூன் பூலி’. பழைய தங்க வராகனின் பின்பக்கத்தில் இருந்த ஐந்து முனைக் குறியைப் பார்த்து வெள்ளைக்காரர் நட்சத்திரம் என்றார்கள், நம் ஆட்கள் பூ என்றார்கள். கும்பினி நட்சத்திரங்களையும் பூ என்ற பெயரையும் ஒரே காசில் அச்சடித்துவிட்டது. யார் சொன்னது சரி என்று சண்டை போடவில்லை.

28 வருடம் கழித்து, 1835இல், அதே கும்பினி அடித்த ரூபாயில் கோபுரம் இல்லை, விஷ்ணு இல்லை, பூ வராகன் இல்லை, தமிழும் இல்லை. நான்காம் வில்லியம் ராஜாவின் தலை இருந்தது. சாமி இருந்த பக்கத்தில் தலை வந்து உட்கார்ந்த இந்த 28 வருடத்தில் என்ன நடந்தது? வழக்கமான பதில், வெள்ளைக்காரன் பலம் பெற்றான், தன் முகத்தைப் போட்டுக்கொண்டான் என்பது. தப்பில்லை. ஆனால் சேலம், நாமக்கல் பக்கம் புழங்கிய காசுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் இதைவிடச் சுவாரசியமான ஒரு பதில் கிடைக்கிறது.

கும்பினிக்கு முன்னால் இந்தச் சமவெளியின் பணம் மைசூர்ப் பணம். 17ஆம் நூற்றாண்டில் கொங்கின் பெரும்பகுதியும் சேலம் சீமையும் மைசூர் உடையார்கள் கைக்குப் போயின. கண்டீரவ நரசராஜ உடையார் (1638–1659) அடித்த ‘கண்டீரவப் பணம்’ அவருக்குப் பின்னும் நூற்றைம்பது வருடத்துக்கு மேல் ஓடியது. அரைக் கிராமுக்கும் குறைவான தங்கம். நம் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. ஒரு பக்கம் நரசிம்மர், மறுபக்கம் நாகரி எழுத்தில் ராஜா பெயர். பத்துப் பணம் ஒரு கண்டீரவ வராகன். வேடிக்கை என்னவென்றால் அந்த வராகன் என்ற காசு கையில் புழங்கவே இல்லை. அது கணக்குப் புத்தகத்தில் மட்டும் இருந்த அலகு. கணக்குப்பிள்ளைகள் இல்லாத காசில் கூட்டிக் கழித்தார்கள், இருந்த காசில் கொடுத்து வாங்கினார்கள். இன்று வாலெட்டில் இருக்கும் எண்ணைப் பார்த்து ‘இதெல்லாம் நிஜப் பணமா’ என்று கேட்பவர்கள் இந்த வராகனைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நாமக்கல் மலையடிவாரத்தில் நரசிம்மர் குடைவரைக்குப் போயிருந்தால் உங்களுக்குத் தெரியும். உள்ளே அமர்ந்த நரசிம்மர். பக்கச் சுவரில் பூமியைத் தூக்கும் வராகர். வராகன் என்ற பேர் சாளுக்கியர், விஜயநகரத்தார் காசுகளில் இருந்த பன்றி முத்திரையிலிருந்து வந்தது. ஆக, நாமக்கல் விவசாயியின் மடியில் இருந்த சின்னப் பணத்தின் உருவமும் பெரிய காசின் பெயரும் அந்த ஒரே குகைக்குள் கல்லில் இருக்கின்றன. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அந்தப் பணத்தைப் ‘படிக்க’ முடிந்தது.

அடுத்து வந்தவர் ஹைதர் அலி. 1763இல் பெத்தனூரைப் பிடித்ததும் அங்கே ஓடிக்கொண்டிருந்த சிவன்-பார்வதி வராகனை அவர் மாற்றவில்லை. முன்பக்கம் சிவனும் பார்வதியும் அப்படியே. பின்பக்கம் மட்டும் தன் பெயரின் முதல் எழுத்தான பாரசீக ‘ஹே’. ஏற்கெனவே ஓடும் மென்பொருளை வாங்கிய கம்பெனி, திரையின் மூலையில் தன் லோகோவை மட்டும் வைப்பதுபோல.

திப்பு நேரெதிர். எல்லாவற்றையும் புதிதாக எழுதினார். முகலாயப் பேரரசர் பெயரைக் காசிலிருந்து எடுத்தார். வெள்ளியிலும் தங்கத்திலும் இமாம்கள், கலீபாக்கள் பெயரில் காசு வகைகள். செம்பில் யானை. ‘மௌலூதி’ என்று புது ஆண்டுக்கணக்கு. அதன் இலக்கங்களை வலமிருந்து இடமாக எழுதினார். அழகில் அந்தக் காலத்து இந்தியக் காசுகளில் திப்புவுடையதை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் அந்த ஆண்டைப் படிக்க எத்தனை பேரால் முடிந்திருக்கும்? செம்புக் காசில் யானை இருந்ததால் மட்டும்தான் அது சந்தையில் எல்லோருக்கும் ஆனைக்காசாகப் புரிந்தது.

1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை. பாராமகாலும் சேலமும் கும்பினிக்கு வந்தன. கேப்டன் அலெக்சாண்டர் ரீட் தலைமை, கீழே மூன்று ராணுவ அதிகாரிகள். தருமபுரியில் தாமஸ் மன்றோ, தெற்கே சேலம் பக்கம் மக்லியோட். பின்னாளில் ரயத்துவாரி என்று பெயர்பெற்ற வரிமுறை இங்கேதான் கருக்கொண்டது. நிலத்தை அளந்து, வயலுக்கு வயல் தீர்வை போட்டு, விவசாயியிடம் நேரடியாகக் காசாக வாங்குவது.

காசாக. ஆனால் எந்தக் காசாக?

அந்த வருடம் சேலம் சந்தைக்கு ஒரு விவசாயி போகிறார் என்று வைத்துக்கொள்வோம். ராகியையும் பருத்தியையும் விற்றால் கையில் வருவது பெரும்பாலும் செம்பு. தீர்வை கட்டத் தேவை தங்கம் அல்லது வெள்ளி. இரண்டுக்கும் நடுவே காசுக்கடை, அதில் சராப். அவர் காசை உரசிப் பார்ப்பார், எடை பார்ப்பார், ‘இது தேய்ந்தது, இது வேற அக்கசாலை’ என்பார், வட்டம் பிடிப்பார். சென்னைக் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு பூவராகன். இது கும்பினி சொன்ன ரேட். சந்தையில் செம்பு மலிந்து ஒரு பணத்துக்கு 84 காசு என்று ஆகிவிட்டால், அதே மூட்டை ராகிக்கு அவருடைய தீர்வை தானாகவே இருபதில் ஒரு பங்கு ஏறிவிடும். கலெக்டர் ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை.

வரிப்பணம் இந்த ஊரில் எப்போதுமே கனமான விஷயம். தீரன் சின்னமலை பற்றிக் கொங்கில் சொல்லும் கதையே வரிப்பணக் கதைதான். மைசூருக்குப் போன வரிப்பணத்தை மடக்கி, ‘சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவில் ஒரு சின்னமலை பறித்துக்கொண்டான் என்று போய்ச் சொல்’ என்றாராம். அதே மனிதர் பின்னால் திப்புவோடு சேர்ந்து கும்பினியை எதிர்த்து, 1805இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டார்.

இப்படிப்பட்ட இடத்தில் புது ஆட்சி புதுக் காசை இறக்கினால் முதல் கேள்வி, ‘இது செல்லுமா?’ என்பதுதான். கும்பினிக்கு அது நன்றாகத் தெரியும். சென்னையில் அது 17ஆம் நூற்றாண்டிலேயே சாமி உருவத்தோடு வராகன் அடித்துப் பழகியது. பெருமாளும் இரண்டு தேவியரும் இருக்கும் ‘மூன்று சாமி வராகன்’ அதில் ஒன்று. 1807 கோபுரமும் விஷ்ணுவும் அந்த வரிசையின் கடைசி. இது பக்தியும் அல்ல, கலை ஆர்வமும் அல்ல. புது மெஷின், புது வடிவம், வெள்ளியில் வராகன் என்ற புது ஏற்பாடு. மக்களிடம் விளக்கியாக வேண்டும். நாணயத்தின் எழுத்தும் உருவமும்தான் அந்த விளக்கம். நான்கு மொழியில் எழுதிய ‘ரீட்மீ’ கோப்பு.

அதன் அடியில் என்ன இருந்தது என்பது இன்னும் வேடிக்கை. அரை வராகன்களில் பல, ஸ்பானிய டாலர்களின் மேலேயே அடிக்கப்பட்டவை. தென்னமெரிக்க வெள்ளி, ஸ்பானிய ராஜாவின் தலை. அந்தத் தலையை நசுக்கி அதன்மேல் நம் கோபுரத்தையும் விஷ்ணுவையும் பதித்தார்கள். சில காசுகளில் பழைய எழுத்தின் நிழல் இன்றும் தெரிகிறது. தலையை அழித்துப் பூவைப் பதித்த காலம் அது.

செம்பு விஷயத்தில் கும்பினி வேறு வழி எடுத்தது. 1803இலிருந்து சென்னைக்கான செம்புக் காசுகள் பர்மிங்காம் பக்கம் சோஹோவில், மேத்யூ போல்டனின் நீராவி அச்சகத்தில் அடிக்கப்பட்டுக் கப்பலில் வந்தன. ஒரு பக்கம் கும்பினியின் சிங்க முத்திரையும் லத்தீன் வாசகமும். ராசிபுரத்தில் லத்தீன் யாருக்குத் தெரியும்? ஆனால் மறுபக்கம் பாரசீகத்தில் கவனமாக ஒரு சமன்பாடு: 20 காசு என்பது 4 ஃபலூஸ். 1808 என்று ஆண்டு போட்ட இந்தக் காசுகளை ஏற்றி வந்த ‘அட்மிரல் கார்ட்னர்’ கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையருகே குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980களில் மூழ்கிப் போய் எடுத்தபோது பத்து லட்சத்துக்கும் மேல் கிடைத்தன. நம் சந்தைக்கு வரவேண்டிய சில்லறை இன்று உலகெங்கும் ஆன்லைனில் விற்கிறது.

வெள்ளி ரூபாயின் கதை இன்னொரு மாதிரி. 1742இல் கிடைத்த உரிமையின்படி கும்பினி ஆற்காட்டு ரூபாய் அடித்தது, முகலாயப் பேரரசர் பெயரில். பிறகு இரண்டாம் ஆலம்கீர் பெயரும், ஹிஜ்ரி 1172 என்ற ஆண்டும், ஆட்சியாண்டு 6 என்பதும் அப்படியே நின்றுவிட்டன. ஆலம்கீர் 1759இல் கொல்லப்பட்டார். 1830இலும் சென்னை ரூபாயில் அவர்தான் ராஜா. எங்கள் மொழியில் சொன்னால் ஹார்ட்கோட் செய்த மதிப்பு. யாரும் தொடப் பயப்படும் வரி. ஆண்டை மாற்றினால் சராப் அதைப் ‘புதுக் காசு’ என்பார், பழையதற்கு வட்டம் பிடிப்பார். செத்துப்போன ராஜாவின் பெயர் மாறாமல் இருப்பதே அந்தக் காசின் பலம்.

ஆக, கும்பினி நாற்பது வருடம் இந்தச் சமவெளியை ஆண்டது நரசிம்மர், விஷ்ணு, ஒரு முகலாயப் பிணம் ஆகியோரின் முகங்களை வைத்துத்தான்.

திருப்பம் 1818. சென்னை மாகாணம் வராகனை விட்டு ரூபாய்க் கணக்குக்கு மாறியது. 100 பூவராகனுக்கு 350 ரூபாய். ரூபாயின் எடை 180 கிரெயின், ஒரு தோலா. 1835இல் இதே எடை இந்தியா முழுவதற்குமான ரூபாயானது. அதே வருடம் தலை வந்தது. இரண்டும் ஒன்றாக வந்தது தற்செயல் அல்ல என்பது என் வாதம். எல்லா மாகாணத்திலும் ஒரே எடை, ஒரே ரூபாய், தீர்வை கட்ட வேறு காசு கிடையாது என்றான பிறகு விளக்க எதுவும் பாக்கியில்லை. செல்லுமா என்ற கேள்வி கச்சேரியில் முடிந்துபோனது. இனி நாணயம் மக்களிடம் பேச வேண்டியதில்லை. யார் எஜமான் என்று காட்டினால் போதும். ரீட்மீ கோப்பைத் தூக்கிவிட்டு ஓனர் போட்டோவை மாட்டினார்கள்.

பேசுவதை நிறுத்திய பிறகு என்ன ஆனது? இதே சமயத்தில், 1820களின் நடுவிலிருந்து சுமார் முப்பது வருடம், சென்னை மாகாணத்தில் தானிய விலை விழுந்து கிடந்தது. தீர்வையோ காசில் நிலையாகப் போட்டது. விலை விழுந்தால் அதே பத்து ரூபாய்க்கு அதிக மூட்டை விற்க வேண்டும். முந்தைய தலைமுறையில் சராப்பின் வட்டம் தின்றதை இப்போது விலைவீழ்ச்சி தின்றது. சராப்பிடமாவது பேரம் பேசலாம். 1855இல் வெளியான சென்னைச் சித்திரவதை விசாரணைக் கமிஷன் அறிக்கை, வரி வசூலுக்காக நடந்தவற்றை விவரிக்கிறது. விரல்களை மரக்கட்டைகளுக்கு நடுவே நெரிக்கும் ‘கிட்டி’, ஆளைக் குனியவைத்துக் கழுத்தையும் காலையும் கயிற்றால் இழுத்துக் கட்டும் ‘அனந்தால்’. நாணயத்தில் தலை அச்சாகி இருபது வருடம் ஆகியிருந்தது.

மக்கள் சும்மா இருக்கவில்லை. தலையை அவர்களால் அழிக்க முடியாது. பெயரை வைக்க முடியும். என் ஆத்தா யாரையாவது திட்டும்போது, “முக்காத்துட்டுக்குப் பெறாத பய” என்பார். சின்ன வயதில் அது ஏதோ வசவு என்று நினைத்திருந்தேன். அது ஒரு காசு. கால் அணா. அரசாங்கம் காலணா என்று அடித்ததை ஊர் ஏன் முக்கால் துட்டு என்றது? கணக்குப் போட்டுப் பார்த்தேன். பழைய 20 காசு ஒரு துட்டு, நாலு துட்டு ஒரு பணம். பூவராகன் 42 பணம், அதுவே மூன்றரை ரூபாய் என்றால் ரூபாய்க்கு 12 பணம், 960 காசு. ரூபாய்க்கு 192 தம்பிடி, ஆகவே ஒரு தம்பிடிக்கு 5 காசு. 20 காசு போட்ட துட்டு 4 தம்பிடி. காலணா 3 தம்பிடி. அதாவது முக்கால் துட்டு!

ஒரு பைசா பிசகவில்லை. வராகன் போய், பணம் போய், 20 காசும் போய் நூறு வருடத்துக்கு மேல் ஆனபின்னும், 1950களில் காலணாவை எண்ணிய ஒரு பெண்ணின் வாயில் பழைய கணக்கு அப்படியே ஓடியிருக்கிறது. அவர் பள்ளிக்கூடம் போனதில்லை. சோஹோவில் அடித்த பாரசீகச் சமன்பாட்டில் இருந்த அதே 20-க்கு 4தான் அது.

தமிழ் நாணயத்திலிருந்து போன கதைக்கு ஒரு பின்குறிப்பு உண்டு, அது கடல் தாண்டி இருக்கிறது. 1870களில் சேலம், நாமக்கல், திருச்சிச் சீமைகளிலிருந்து கங்காணிகளின் பின்னால் ஏராளமானோர் இலங்கைக்குத் தோட்ட வேலைக்குப் போனார்கள். 1876–78 பஞ்சம் இந்தப் பக்கத்தை உலுக்கிய காலம். அங்கே அவர்கள் கையில் வந்த செம்புச் சதத்தில் ஒரு பக்கம் அதே விக்டோரியா தலை. மறுபக்கம் ஒரு மரம், இருபுறமும் சிங்களமும் தமிழும். ஊரில் காசில் இல்லாத தமிழ், பஞ்சம் பிழைக்கப்போன இடத்தில் காசில் இருந்தது. அது பாசமா? இல்லை. இலங்கை அப்போதுதான் பழைய கணக்கை விட்டு ரூபாய்-சதம் என்ற தசமக் கணக்குக்கு மாறியது. 1870 என்று ஆண்டு போட்ட அந்தக் காசுகள் புது அலகு. புது அலகு என்றால் விளக்கம் வேண்டும், விளக்கம் என்றால் நம் மொழி வேண்டும். அந்தத் தமிழ் எழுத்து ஒரு தோட்டத் தொழிலாளியின் கடனைக் குறைக்கவில்லை.

இங்கேயும் 1906இல் நிக்கல் ஓரணா என்ற புதுமை வந்தபோது காசு மறுபடி பல எழுத்தில் பேசியது. நாகரி, வங்காளம், உருது, தெலுங்கு. தமிழ் இல்லை. 1807இல் அருகருகே இருந்த இரண்டு எழுத்தில் ஒன்று மட்டும் திரும்பி வந்தது.

தலைக்கும் சோதனைகள் வந்தன. 1911இல் ஐந்தாம் ஜார்ஜின் ரூபாயில், அவர் மார்பில் தொங்கிய பதக்கச் சங்கிலியின் யானை பார்ப்பவர்களுக்குப் பன்றியாகத் தெரிந்தது. முஸ்லிம்கள் எதிர்த்தார்கள். அரசு பின்வாங்கி, 1912இல் தும்பிக்கை தெளிவாகத் தெரியும்படி அச்சை மாற்றியது. வராகம் என்ற பன்றியின் பெயரில் காசு ஓடிய நாட்டில், திப்பு யானைக் காசு அடித்த நாட்டில், ஒரு பேரரசு யானைக்கும் பன்றிக்கும் நடுவே மாட்டிக்கொண்டது.

1943இல் உலகப்போரில் செம்புக்குத் தட்டுப்பாடு. ஒரு பைசா நாணயத்தின் நடுவைக் குடைந்து எடுத்தார்கள். அதுதான் ஓட்டைக் காலணா. நடுவில் ஓட்டை வந்தபின் தலைக்கு இடமில்லை. ஓட்டைக்கு மேலே ஒரு கிரீடம் மட்டும். பின்பக்கம் கொடியும் இலையுமான வளையம். தலையே இல்லாத கிரீடம். நான்கு வருடம் கழித்து அந்தக் கிரீடமும் போனது.

‘பூவா தலையா’ என்று சுண்டிப் போடுகிறோமே, அதில் தலை இந்தச் சமவெளியின் சந்தைக்காசுக்கு வந்தது 1835க்குப் பிறகுதான். பூ அதற்கு முன்னாலேயே ‘பூவராகன்’ என்று தமிழில் எழுதப்பட்டிருந்தது. இன்று நம் சட்டைப்பையில் இருக்கும் ரூபாய் நாணயத்தில் இந்தியும் ஆங்கிலமும் உண்டு. 2009இல் அண்ணா நூற்றாண்டு நாணயத்தில் அவருடைய தமிழ்க் கையெழுத்தும், 2024இல் கலைஞர் நூற்றாண்டு நாணயத்தில் ‘தமிழ் வெல்லும்’ என்பதும் வந்தன. இரண்டும் நினைவு நாணயங்கள். நோட்டின் பின்பக்கம் மற்ற மொழிகளோடு சேர்ந்து தமிழ் சிறிதாக நிற்கிறது. ஆனால் ‘நான் இவ்வளவு பெறுவேன்’ என்று தமிழில் சொல்லும் காசு, கால் பூவராகனுக்குப் பிறகு இந்தப் பக்கம் வரவில்லை.

சேலம் கடைவீதியில் இன்று காலை யாராவது, “பவுன் என்ன விலை?” என்று கேட்டிருப்பார்கள். பவுன் என்பதும் சவரன் என்பதும் ராணி தலை போட்ட இங்கிலீஷ் தங்கக் காசுதான். அதன் எடை 8 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. தலையை நாம் மறந்துவிட்டோம், எடையை மட்டும் வைத்துக்கொண்டோம், அதையும் முழு 8 ஆக்கிக்கொண்டோம். முக்கால் துட்டு என்று சொன்னவர்களின் பேரப்பிள்ளைகள் வேறு எப்படிச் செய்வோம்?